டிரைவர் ஷாஃப்ட்: எழுத்தைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 47. மூன்று வருடமாக கோல்ஃப் விளையாடுகிறார். மாதம் இரண்டு முறை சென்னைக்குப் போய் நந்தனத்தில் ஆடிவிட்டு வருகிறார். மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கும் நீளமான ஸ்டிக்கில், 65 கிராம் ஸ்டிஃப் (கெட்டியான) ஷாஃப்ட், அதாவது தண்டு, இருக்கிறது. நன்றாகப் பட்ட அடி 185 கெஜம் பறக்கிறது; பாதிக்குப் பாதி வலப்பக்கம் வளைந்து போகிறது. நடுத்தர தூரத்துக்கான 7 ஐயர்ன் ஸ்டிக் மட்டும் நேராக 140 கெஜம் போய் விழுகிறது. கடைக்காரர் '50 கிராம் ரெகுலர் (சற்று இளக்கமானது) போட்டுவிடுங்கள்' என்கிறார். கூட ஆடுபவரோ, 'கல்லூரியில் வேகப்பந்து போட்டவர் நீங்கள், ஸ்டிஃபை விடாதீர்கள்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சார், நீங்கள் எழுதியிருப்பது எடை, ஃப்ளெக்ஸ் (தண்டின் வளையும் தன்மை) என்ற இரண்டைப் பற்றி. ஆனால் இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தெரிந்தது வேறு. பந்து வலப்பக்கம் போவதற்கு இந்த ஷாஃப்ட்தான் காரணமா, புது ஷாஃப்ட் வாங்கினால் அது நிற்குமா என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் 50, 65 என்று எண்ணை மட்டும் சொன்னால் உங்கள் பணத்துக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் பதினெட்டு வயதில் கிண்டியில் கேடியாக ஆட்டக்காரர்களின் பை தூக்க ஆரம்பித்தவன். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் சென்னையில் கோல்ஃப் ஸ்டிக் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஷாஃப்ட் கழற்றுவது, மாட்டுவது, நீளம் வெட்டுவது, க்ரிப் (கைப்பிடி உறை) மாற்றுவது இதுதான் வேலை. இப்போது முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறேன். நான் கோச் இல்லை. உங்கள் ஸ்விங்கைப் பார்க்கவும் இல்லை. ஆகவே உறுதியாகத் தெரிந்ததையும், ஆளைப் பொறுத்து மாறுவதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எழுத்துகள். ஷாஃப்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். எல் பெண்களுக்கு, ஏ வயதானவர்களுக்கு, ஆர் ரெகுலர், எஸ் ஸ்டிஃப், எக்ஸ் அதைவிடக் கெட்டி. சில கம்பெனிகள் ஏ-வுக்குப் பதில் எம் என்றும் போடும். இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் என்று ஒன்று கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செருப்புக் கடையில் ஒரு கம்பெனியின் 8-ம் இன்னொரு கம்பெனியின் 8-ம் காலில் வேறு வேறாகப் பொருந்துவது போலத்தான். ஷாஃப்டின் கைப்பிடி முனையை இடுக்கியில் இறுக்கி, மறுமுனையைத் தட்டிவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் கருவி ஒன்று உண்டு. அதிகம் ஆடினால் கெட்டி, குறைவாக ஆடினால் இளக்கம். என் மேசையிலும் அது இருந்தது. ஒருமுறை ஒருவர் ஸ்டிஃப் என்று எழுதிய ஷாஃப்டை எடுத்துக்கொண்டு வந்து, 'இதை என்னால் வளைக்கவே முடியவில்லை, ரெகுலர் வேண்டும்' என்றார். அதை இடுக்கியில் போட்டுப் பார்த்தால், பக்கத்தில் கிடந்த இன்னொரு கம்பெனியின் ரெகுலரைவிட மெதுவாக ஆடியது. அன்றைக்கு அவர் கேட்டபடி மாற்றிக் கொடுத்திருந்தால் இன்னும் கெட்டியான ஒன்றைத்தான் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ஆகவே 'எஸ்ஸா, ஆரா' என்று கேட்பதற்கு முன், எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று கேட்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே எடைக்குள் ஆர்-ஐவிட எஸ் கெட்டியாக இருக்கும் என்று நம்பலாம். அந்த வட்டத்தைத் தாண்டினால் எழுத்துக்கு அர்த்தம் தேய்ந்துவிடும். அதே மாடலில்கூட 50 கிராம் எஸ்-ஐவிட 60 கிராம் எஸ் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும்.

எடை அப்படி இல்லை. 65 கிராம் என்றால் எந்தத் தராசில் வைத்தாலும் 65-ஐ ஒட்டித்தான் காட்டும். வெட்டாத ஷாஃப்டின் எடையைத்தான் கம்பெனி சொல்கிறது. வெட்டிய பிறகு சில கிராம் குறையும், அவ்வளவுதான். அதனால்தான் நான் எப்போதும் எடையிலிருந்து தொடங்குவேன். ஒரு டிரைவரின் தலை சுமார் 200 கிராம், க்ரிப் சுமார் 50 கிராம். 65 கிராம் ஷாஃப்டைச் சேர்த்தால் 315-ஐ ஒட்டி வரும், 50 கிராம் ஷாஃப்டானால் 300. பதினைந்து கிராம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஒரு கோல்ஃப் பந்தின் எடையே 46 கிராமுக்குச் சற்றுக் குறைவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கை 45 அங்குல நீளத்துக்குப் பரப்பி வைத்தது போல. ஆனால் அடிப்பவரின் கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

என் பெரியப்பா அரியாங்குப்பத்தில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்தவர். புதுப் பையன் வந்தால் கம்பை நெற்றி உயரத்துக்கு நிறுத்திப் பார்த்து நீளம் முடிவு செய்வார். கனத்தை அப்படி நிறுத்திப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். இரண்டு மூன்று கம்பைக் கொடுத்துச் சுற்றச் சொல்லிவிட்டுப் பையனின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். கனம் அதிகமானால் கம்பு கையை இழுக்கும், பையன் உடம்பைச் சாய்த்து ஈடு கட்டுவான். கனம் போதாவிட்டால் கம்பு எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியாது, மணிக்கட்டு அவசரப்படும். 'கம்பு கையில் பேசணும்' என்பார். டிரைவரிலும் அதே கதைதான். கனமான ஷாஃப்ட் சோர்ந்த கையில் பின்தங்கும். தலையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்பக்கம் திறந்த நிலையிலேயே பந்தைத் தொடும். ரொம்ப லேசானது, குறிப்பாக வேகமாக இறக்குகிறவர்கள் கையில், தோளிலிருந்து வெளியே தள்ளி இறங்க இடம் கொடுக்கும். இரண்டு தப்புக்கும் பந்து வலப்பக்கம்தான் போகும். ஒரே நோய்க்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள்! அதனால்தான் கடைக்காரரும் உங்கள் நண்பரும் எதிரெதிராகச் சொல்கிறார்கள். இரண்டு பேருமே எங்கோ ஒருவரிடம் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது நீங்கள் கொடுத்த இரண்டு எண்களுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே மதிப்பு மிக்கது அதுதான். 7 ஐயர்ன் 140 கெஜம், டிரைவர் 185 கெஜம். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்களின் சராசரியை எடுத்துக்கொண்டால், அவர்கள் 7 ஐயர்ன் 140-ஐ ஒட்டிப் பறக்கிறது, டிரைவர் 220-ஐ ஒட்டிப் பறக்கிறது. டிரைவரின் தலை வேகம் மணிக்குச் சுமார் 94, 95 மைல். 7 ஐயர்னில் அவர்களுக்குச் சமமாக அடிக்கும் நீங்கள் டிரைவரில் 35 கெஜம் குறைகிறீர்கள். உங்கள் ஐயர்ன் தூரத்துக்காகவே செய்த புது ரகமாக இருந்தால், அதன் முகச்சாய்வு 28, 29 டிகிரியாக இருக்கலாம். பழைய ரகத்தில் அது 34; சாய்வு குறைந்தால் பந்து அதிக தூரம் பறக்கும். அப்படியானால் 140 என்பதைப் பத்துக் கெஜம் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அதையும் கழித்துவிட்டாலும், 85 முதல் 90 மைல் வேகம் உங்களிடம் இருக்க வேண்டும்; அந்த வேகத்துக்கு நடு முகத்தில் பட்ட அடி 195, 205 கெஜமாவது பறக்கணும். வேகம் இருக்கிறது, தூரம் வரவில்லை. அப்படியென்றால் பந்து முகத்தின் நடுவில் படவில்லை, அல்லது வளைந்து போவதிலேயே தூரம் தீர்ந்துபோகிறது. பெரும்பாலும் இரண்டும்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. செலவு ஒரு வெள்ளைப் பலகை மார்க்கர் பேனாதான். பந்தின் மேல், அடிபடும் பக்கத்தில், காசு அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் டிரைவர் முகத்தைப் பார்க்கும்படி டீயில் (பந்தை நிறுத்தும் சிறு ஆணியில்) வையுங்கள். அடித்தவுடன் முகத்தில் அச்சு விழும். துணியால் துடைத்தால் போய்விடும். இப்படிப் பதினைந்து அடி அடித்து ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். அச்சு ஷாஃப்ட் பக்கம், அதாவது குதிகால் பக்கம், குவிந்திருந்தால் உங்கள் ஸ்லைஸில், அதாவது அந்த வலப்பக்க வளைவில், ஒரு பெரிய பங்கு அங்கேயே இருக்கிறது. பெரிய டைட்டானியத் தலைகளில் குதிகாலில் பட்ட பந்து வலப்பக்கச் சுழற்சியைக் கூட்டிக்கொள்ளும். நுனியில் பட்டது இடப்பக்கம் சுழலும். முகம் நேராக வந்திருந்தாலும் இது நடக்கும். 

ஸ்லைஸைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது: வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைவதற்கு அடிப்படைக் காரணம், தலை போகும் பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருப்பதுதான். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எவ்வளவு வளைகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஷாஃப்ட் இந்த வித்தியாசத்தில் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி மாற்றலாம். உங்கள் பாதை ஆறு டிகிரி வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்தால், உலகத்தில் எந்த ஷாஃப்டும் அதை நேராக்காது. அதற்கு ஒரு நல்ல கோச்சிடம் நான்கு வகுப்புப் போவதுதான் வழி, சார். இதைச் சொன்னதால் எனக்கு வந்திருக்க வேண்டிய வேலை சில முறை கைவிட்டுப் போயிருக்கிறது. பரவாயில்லை.

ஷாஃப்ட் வளைவதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது. வில்லை வளைத்து அம்பு எய்வது போல, ஷாஃப்ட் பின்னால் வளைந்து சேர்த்து வைத்த பலத்தை நிமிர்ந்து பந்தில் கொட்டுகிறது, அதனால் இளக்கமான ஷாஃப்ட் அதிக தூரம் தரும் என்பார்கள். நடப்பது வேறு. கை மேலிருந்து இறங்கத் தொடங்கும் கணத்தில் தலை பின்தங்குவதால் ஷாஃப்ட் பின்னால் வளைவது உண்மைதான். ஆனால் பந்தைத் தொடும் நேரத்தில் பெரும்பாலோருக்கு அது முன்னால் வளைந்திருக்கும், கூடவே தலையின் நுனி சற்றுக் கீழே தொங்கும். காரணம், டிரைவர் தலையின் எடை மையம் ஷாஃப்ட்டுக்கு நேர் கோட்டில் இல்லாமல் சற்றுப் பின்னால், வெளியே தள்ளி இருக்கிறது. சுற்றும் வேகத்தில் அந்த மையம் வெளிப்பக்கம் இழுக்கப்பட, ஷாஃப்ட் அதற்கு இடம் கொடுத்து முன்னால் வளைகிறது. கிணற்று வாளியைக் கயிற்றில் கட்டிச் சுற்றினால் வாளியின் கனமான அடிப்பக்கம் தானே வெளியே திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. மேலிருந்து பந்து வரைக்கும் இறங்க ஆகும் நேரம் கால் வினாடியை ஒட்டித்தான். பந்து முகத்தில் ஒட்டியிருப்பது அரை மில்லி வினாடி. அதற்குள் ஷாஃப்ட் ஒன்றும் செய்துவிட முடியாது.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவது என்னவென்றால், ஃப்ளெக்ஸ் வேகத்தைப் பெரிதாக மாற்றாது. பந்தைத் தொடும்போது முகம் எவ்வளவு மேலே பார்க்கிறது, எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் மாற்றும். இளக்கமானால் சற்று உயரமாக, சற்று இடப்பக்கமாக. கெட்டியானால் சற்றுத் தாழ்வாக, சற்று வலப்பக்கமாக. பெரும்பாலோருக்கு இப்படித்தான். ஆனால் எல்லோருக்கும் இல்லை என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இளக்கமான ஷாஃப்டைக் கொடுத்தால், அது இடப்பக்கம் இழுத்துவிடுமோ என்று பயந்து முகத்தைத் திறந்தே வைத்து அடித்து, முன்னைவிட வலப்பக்கம் அனுப்பியவர்கள் உண்டு. அதனால் 'ரெகுலர் போட்டால் உங்கள் ஸ்லைஸ் குறையும்' என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். குறையலாம் என்பதோடு நிற்க வேண்டும்.

வேகத்தை வைத்து ஃப்ளெக்ஸ் சொல்லும் அட்டவணைகள் சுற்றுகின்றன: 75 மைலுக்குக் கீழ் எல், 85 வரை ஏ, 95 வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். தொடங்குவதற்கு இது போதும், முடிவு செய்வதற்குப் போதாது. ஏனென்றால் 90 மைல் வேகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கொண்டுவருவார்கள். ஒருவர் நிதானமாக மேலே போய், ஒரு மூச்சு நின்று, மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் வேகம் ஏற்றுவார். இன்னொருவர் மேலே போய்ச் சேரும் முன்பே சடாரென்று இழுத்து இறக்குவார். ஷாஃப்ட் அதிகம் வளைவது அந்த இறக்கத்தின் தொடக்கத்தில்தான். ஆகவே இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் கெட்டியும், கொஞ்சம் கனமும் ஒத்துவரும்; முதல் ஆளுக்கு இரண்டும் கொஞ்சம் குறையலாம். நீங்கள் வேகப்பந்து வீசியவர் என்பது எனக்கு இதனால்தான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு இன்றைய உங்கள் பலம் காரணம் இல்லை. ஓடி வந்து தோளால் உந்தும் பழக்கம் இருபது வருடம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதுதான் காரணம். போனை மெதுவோட்டத்தில் வைத்து ஒரு படம் பிடித்துப் பாருங்கள். மேலே போக எடுக்கும் நேரம், இறங்கும் நேரத்தைப் போல் மூன்று மடங்கு இருப்பது நல்ல ஆட்டக்காரர்களிடம் பொதுவாகப் பார்க்கக் கூடியது. உங்களுக்கு அது இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் நீங்கள் இரண்டாவது ரகம்.

நான் ஒரு தப்புச் செய்ததையும் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயதில் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வு பெற்ற இன்ஜினீயர். வயதைக் கேட்டேன், பார்த்தேன், 45 கிராம் ஏ ஃப்ளெக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவரை அடித்துக் காட்டச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வந்து, கோபப்படாமல், 'தம்பி, பந்து எங்கே போகும்னு எனக்கே தெரியலை' என்றார். அப்போதுதான் வலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குட்டையான, வேகமான, நறுக்கென்ற ஸ்விங். அச்சுகள் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. 60 கிராம் ரெகுலர் போட்டு, அரை அங்குலம் வெட்டினேன். அச்சுகள் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் வந்துவிட்டன. தலை வேகம் ஒரு மைல் குறைந்தது, பந்து அதிக தூரம் போனது. வயதைக் கேட்டு ஷாஃப்ட் சொல்வதை அன்றோடு விட்டேன். 47 வயது என்று நீங்கள் முதல் வரியிலேயே எழுதியதைப் பார்த்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கதையில் வந்த அரை அங்குலத்தையும் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் டிரைவர்கள் இப்போது 45½ அங்குலத்தை ஒட்டி வருகின்றன, சில 46. ஸ்டீல் ஷாஃப்டும் மரத் தலையுமாக இருந்த காலத்தில் 43, 43½ அங்குலம்தான். அப்போது ஷாஃப்ட் மட்டுமே 110 கிராமுக்கு மேல் இருக்கும். கிராஃபைட் வந்து எடை குறைந்ததும் நீளத்தைக் கூட்டினார்கள், நீளம் கூடினால் வேகம் கூடும் என்று. வேகம் கூடுவது உண்மை. நடு முகத்தில் படுவது கஷ்டமாவதும் உண்மை. 2022 முதல் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று தடுக்க விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 48 வரை அனுமதி. அனுமதி இருக்கிறது என்பதற்காக யாரும் அந்த நீளத்துக்குப் போக வேண்டாம். ஒரு சோதனை சொல்கிறேன்: இப்போதிருக்கும் அதே டிரைவரை ஒரு அங்குலம் கீழே பிடித்து இருபது பந்து அடியுங்கள், அதே மார்க்கர் புள்ளியோடு. அச்சுகள் நடுவுக்கு நகர்ந்தால், தூரம் குறையாமல் இருந்தால், உங்களுக்குத் தேவை புது ஷாஃப்ட்டைவிட முதலில் குட்டையான ஷாஃப்ட். ஆனால் உடனே அறுத்துவிடாதீர்கள். அரை அங்குலம் வெட்டினால் தலையின் கனம் கையில் லேசாகத் தெரியும்; அந்தக் கனத்தை அளக்கும் ஸ்விங் வெயிட் என்ற கணக்கில் சுமார் மூன்று புள்ளி குறையும். அதைச் சரிக்கட்ட ஐந்தாறு கிராம் ஈயப் பட்டையைத் தலையில் ஒட்டினால் போதும். வெட்டியதை ஒட்ட முடியாது, பட்டையைப் பிய்க்கலாம்.

சரி, எடையை எப்படிச் சோதிப்பது? கடையின் குளிர் அறையில், காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த தெம்போடு ஆறு பந்து அடித்து முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்லாக் கனமும் லேசாகத்தான் தெரியும். நீங்கள் விடிய நான்கு மணிக்குக் கடலூரை விட்டுக் கிளம்பி, பாண்டியைத் தாண்டி, மரக்காணம் உப்பளம், மாமல்லபுரம் எல்லாம் கடந்து மூன்று நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ஆடுகிறீர்கள். சித்திரை வைகாசியில் பதினான்காவது குழிக்கு வரும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், க்ரிப் வழுக்கும், முதுகு இறுகியிருக்கும். உங்கள் ஷாஃப்டின் எடை அந்த இடத்தில் சரியாக இருக்க வேண்டும். பழைய ஸ்கோர் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு குழிகளில் டிரைவர் ஓரளவு நேராகப் போய், கடைசி ஆறில் வலப்பக்கம் ஓடுகிறதா? அப்படியானால் 65 கிராம் உங்களுக்குக் கனம்தான், கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் குழியிலிருந்தே ஒரே மாதிரி ஓடுகிறதா? அப்படியானால் கனத்தின் மேல் பழி போட முடியாது. கேடியாக இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று இது. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவனுக்கு, ஆட்டக்காரர் எந்தக் குழியில் தளர்கிறார் என்பது அவருக்கு முன்பே தெரிந்துவிடும்.

லேசான ஷாஃப்ட் போட்டால் வேகம் எவ்வளவு கூடும் என்று அடுத்து கேட்பீர்கள். பத்துப் பதினைந்து கிராம் குறைத்தால் பலருக்கு ஒரு மைலுக்கு உள்ளாகத்தான் கூடும். சிலருக்குக் கூடவே கூடாது. ஒரு மைல் என்பது பந்தில் இரண்டரை கெஜம். அதே நேரம், குதிகாலில் படும் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் பதினைந்து கெஜம் சர்வசாதாரணமாகக் கிடைக்கும். எது பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-ல் நடந்தபோது பெங்களூருவின் அதிதி அசோக் நான்காவது இடம் வரை வந்தார். களத்தில் இருந்தவர்களில் டிரைவர் தூரம் குறைந்தவர்களில் அவர் ஒருவர். தூரமே எல்லாம் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஷாஃப்டில் இன்னும் இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஒன்று டார்க், முறுக்கினால் எத்தனை டிகிரி திருகும் என்பது. மூன்றிலிருந்து ஏழு வரை இருக்கும், லேசான ஷாஃப்ட்டில் பொதுவாக அதிகம். இன்னொன்று கிக் பாயின்ட், எந்த இடத்தில் அதிகம் வளைகிறது என்பது. உங்கள் வேகத்துக்கு இரண்டையும் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

எனவே, உங்கள் ஸ்விங்கைப் பார்க்காமலே ஒன்று சொல்லத்தான் வேண்டும் என்றால், நான் 50-க்கும் போக மாட்டேன், 65-லும் நிற்க மாட்டேன். 55 முதல் 60 கிராமுக்குள், முதலில் ரெகுலரை எடுத்து, 45 அங்குல நீளத்தில், உங்கள் தலையிலேயே மாட்டி அடித்துப் பார்ப்பேன். படம் பிடித்ததில் நீங்கள் சடாரென்று இழுப்பவர் என்று தெரிந்தால் அதே எடையில் ஸ்டிஃப். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: 'இதே தலையில் மூன்று ஷாஃப்ட் மாற்றி மாற்றி அடிக்க விடுவீர்களா, எது எது என்று எனக்குச் சொல்லாமல்?' பத்துப் பத்துப் பந்து. மிக நீளமான அடியைப் பார்க்காதீர்கள், மிக மோசமான மூன்று அடியைப் பாருங்கள். மோசமான அடி எந்த ஷாஃப்டில் குறைவாக மோசமாக இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வாருங்கள், அந்தப் பணத்தைக் கோச்சுக்குக் கொடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் டிரைவர்களில் ஷாஃப்டின் நுனியில் ஒரு அடாப்டர் ஒட்டியிருக்கும், ஒரு திருகை முறுக்கினால் கழன்று வரும். ஒரு கம்பெனியின் அடாப்டர் இன்னொரு கம்பெனித் தலையில் ஏறாது. ஒரே கம்பெனியிலும் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் மாறியிருக்கலாம். அதனால் டிரைவரைக் கையோடு கொண்டு போங்கள், பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். அடாப்டரை ஷாஃப்டிலிருந்து கழற்ற வெல்டிங் பட்டறையில் கொடுத்து நெருப்புக் காட்டச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீலுக்கு அது ஓடும். கிராஃபைட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருப்பதே பிசின்தான். அது கருகினால் ஷாஃப்ட் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், மூன்றாவது நாள் ஆட்டத்தில் முறிந்து பறக்கும். அளவான சூடு கொடுத்து, முறுக்காமல், நேராக இழுக்கும் கருவி வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். கார் டிக்கியில் நாள் முழுக்க வெயிலில் பையை விடாதீர்கள். க்ரிப்புக்கு அடியிலிருக்கும் டேப்பின் பசை இளகி, க்ரிப் கையில் சுழல ஆரம்பிக்கும். நம் கடற்கரைக் காற்றில் உங்கள் ஸ்டீல் ஐயர்ன்களையும் ஆட்டம் முடிந்ததும் துடைத்து வையுங்கள். கிராஃபைட் துருப்பிடிக்காது, ஸ்டீல் பிடிக்கும்.

கடைசியாக, மைத்துனர் கொடுத்த அந்த 65 கிராம் ஷாஃப்டைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் வேண்டாம். டிரைவருக்கும் த்ரீ வுட்டுக்கும் (டிரைவருக்கு அடுத்தபடியான ஸ்டிக்) ஷாஃப்டின் நுனி விட்டம் பெரும்பாலும் ஒன்றேதான், 0.335 அங்குலம். த்ரீ வுட் டிரைவரைவிடக் குட்டை, அதில் டிரைவரைவிட ஐந்து பத்துக் கிராம் கனமான ஷாஃப்ட் இருப்பது வழக்கம். டிரைவருக்கு 55 வந்துவிட்டால், இந்த 65-ஐ அளவு பார்த்து வெட்டி உங்கள் த்ரீ வுட்டில் மாட்டினால் இரண்டும் கையில் ஒரே குடும்பம் போல இருக்கும். வெட்டும்போது நுனிப்பக்கம் எவ்வளவு, கைப்பிடிப் பக்கம் எவ்வளவு என்பதை மட்டும் அந்த ஷாஃப்ட் கம்பெனி கொடுத்திருக்கும் அளவுப்படி செய்யச் சொல்லுங்கள். நுனியில் அதிகம் வெட்டினால் அது எக்ஸ் போலக் கெட்டியாகிவிடும்.